கோவளம் முதல் குமரி வரை: கடப்புறம் விடுமுறைத் தலமான வரலாறு

நண்பர்கள் சேர்ந்து கடலோர விடுதி ஒன்றில் நான்கு நாள் தங்கி, நீந்தி, மீன் தின்று, வெயிலில் படுத்துக் கிடந்துவிட்டு ஊர் திரும்புவது இன்று உலகம் முழுவதும் வழக்கமான விடுமுறை. மெக்சிகோவின் கான்கூன், அகாபுல்கோ போன்ற ஊர்கள் இதற்காகவே அறியப்படுகின்றன. தென்திருவிதாங்கூர்க் கரையில் இந்தப் பழக்கத்துக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். குமரி மாவட்டம் புதுக்கடையிலிருந்து மேற்கே கடலோரமாகப் போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் கோவளம் வந்துவிடும். அங்கே உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து தங்குகிறார்கள். புதுக்கடைக்கு ஏழு கிலோமீட்டருக்குள் இருக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்குச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் மாலையில் வந்து இருட்டும் முன் திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் அரபிக்கடல் கரைகள். 1956 வரை இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. ஒன்று விடுமுறைத் தலமாகவும் மற்றொன்று தொழில் கரையாகவும் ஆனது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குமரி மாவட்டத்துப் பேச்சில் கடற்கரைக்குக் கடப்புறம் என்று பெயர். அந்தச் சொல்லில் பொழுதுபோக்கின் சாயலே கிடையாது. வள்ளம் ஏற்றுவதும் வலை உலர்த்துவதும் மீன் ஏலம் போவதும் கடப்புறத்தில்தான். ‘பீச்’ என்ற சொல் பிறகு வந்தது. வந்த இடங்களில் கடப்புறம் என்ற சொல் மெல்லப் பின்வாங்கியது.

கடலாடுதல்

தமிழர் கடற்கரையை இன்பத்துக்காக நாடியது ஆங்கிலேயரைப் பார்த்து அல்ல. பட்டினப்பாலையில் முழுநிலா நாளன்று பரதவர் மீன்பிடிக்கப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, கள் குடித்து, மணலில் ஆடிக் களிக்கும் காட்சி வருகிறது. கடலில் ஆடிய பிறகு உப்புப் போக நன்னீரில் குளிக்கும் வழக்கமும் அங்கேயே சொல்லப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிந்ததும் கோவலனும் மாதவியும் கடலாடப் புறப்படுகிறார்கள். புகார் நகரமே கரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கடற்கரை உல்லாசம் இருவரின் பிரிவில் முடிந்தது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே.

பட்டினப்பாலையில் ஓய்வெடுப்பவர் வெளியூர்க்காரர் அல்லர். அந்தக் கரையில் உழைக்கும் மீனவரே தம் வேலையை ஒரு நாள் நிறுத்திவிட்டு அதே மணலில் இளைப்பாறுகிறார்கள். குமரிக் கரையில் இதன் தொடர்ச்சியை இன்றும் பார்க்கலாம், நாள் மட்டும் மாறியிருக்கிறது. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரையின் முக்குவர் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தார். அதன் பிறகு முழுநிலாவின் இடத்தை ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கத்தோலிக்க மீனவ ஊர்களில் அன்று கடலுக்குப் போவதில்லை. கோயில் முடிந்த பிறகு கடப்புறம் அவர்களின் ஓய்விடம்.

மற்றவர்களுக்குக் கடல் என்பது தீர்த்தம். ஆடி அமாவாசையில் குமரி முனையில் முழுக்குப் போடுவார்கள். மாசிக் கொடைக்கு மண்டைக்காடு வருவோர் கடலில் கால் நனைத்துப் போவார்கள். கரையில் நாள்கணக்கில் சும்மா இருப்பதற்காகப் போவது என்பது இவற்றிலிருந்து வேறான செயல்.

அந்தச் செயல் ஐரோப்பாவில் மருத்துவமாகத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் கடல் நீர் நோய் தீர்க்கும் என்று எழுதினார். பிரைட்டன் என்ற மீனவ ஊர் அதனால் பணக்காரர்களின் நகரமானது. ரயில் வந்ததும் தொழிலாளரும் வந்தார்கள். சம்பளத்துடன் கூடிய விடுமுறையைப் பிரான்ஸ் 1936இலும் பிரிட்டன் 1938இலும் சட்டமாக்கின. இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கான விடுப்புப் பயணச் சலுகை 1956இல் அறிமுகமானது. நடுத்தர வருக்கத்து இந்தியக் குடும்பம் குமரி முனைக்கு ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்ததில் இந்தச் சலுகைக்குப் பெரும் பங்கு உண்டு. நம் சுற்றுலா வரலாறுகள் மன்னர்களையும் மடங்களையும் பேசும் அளவுக்கு இந்த அரசாணையைப் பேசுவதில்லை.

அரண்மனை, ஹிப்பி, ஓட்டல்

கோவளத்தின் கதை ஒரு கட்டடத்தில் தொடங்குகிறது. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட ரீஜென்ட் மகாராணி சேது லட்சுமிபாயின் கணவர் ராமவர்மா வலிய கோயில் தம்புரான், 1932இல் கோவளத்துக் குன்றின்மேல் ஒரு கடலோர மாளிகை கட்டினார். ஹால்சியன் காசில் என்று பெயர் வைத்தார். ஹால்சியன் என்றால் மீன்கொத்தி. ஆங்கிலத்தில் அமைதியான நாள்களுக்கும் அச்சொல்லை ஆள்வதுண்டு. ஆட்சிப் பொறுப்பு முடிந்த அரச குடும்பம் நகரத்துச் சந்தடியிலிருந்து விலகித் தங்கிய ஓய்வு வீடு அது. கீழே விழிஞ்ஞம் மீனவர்கள் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிலவியலும் கோவளத்துக்குக் கைகொடுத்தது. பாறை முனைகள் கடலுக்குள் நீட்டி நிற்க, அவற்றுக்கிடையே சிறு சிறு பிறைகளாக மணல் ஒதுங்கியிருக்கிறது. திறந்த கடலின் நேர்த் தாக்கு அங்கே கொஞ்சம் தணிகிறது. இருபது கிலோமீட்டருக்குள் தலைநகரம், அதில் விமான நிலையம். இப்படிப்பட்ட சேர்க்கை பூவாறுக்குத் தெற்கே எங்கும் இல்லை.

1960களின் பிற்பகுதியில் இஸ்தான்புல், காபூல் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்த மேலை நாட்டு இளைஞர்களில் ஒரு பகுதியினர் கோவா தாண்டிக் கோவளம் வரை இறங்கினார்கள். மீனவர் வீடுகளில் வாடகைக்கு இருந்தார்கள், ஓலைக் கொட்டகைகளில் சாப்பிட்டார்கள். கரையோரக் குடும்பங்கள் விருந்தினர் தொழிலைக் கற்றது அவர்களிடம்தான். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் நடந்ததும் அந்தத் தரைவழி அடைபட்டது. ஆனால் அதற்குள் கோவளத்தின் பெயர் பரவியிருந்தது.

அரசும் இறங்கியது. 1964இல் மாளிகையை அரசு வாங்கியது. 1966இல் தொடங்கப்பட்ட இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதை ஒட்டி ஒரு பெரிய கடலோர ஓட்டல் கட்டத் திட்டமிட்டது. வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. 1969க்கும் 1974க்கும் இடையே எழுந்த அந்தக் கட்டடம் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றில் இடம்பெற்றது. குன்றின் சரிவை வெட்டித் தள்ளாமல் படிப்படியாக அறைகளை இறக்கினார். கீழ் அறையின் கூரையே மேல் அறைக்கு முற்றமானது. மணற்பரப்பில் எதுவும் கட்டப்படவில்லை. கடற்கரைக்கென எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது. 1972இல் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. அதன் கீழுள்ள கரைக்கு ‘லைட்ஹவுஸ் பீச்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

இதே ஆண்டுகளில் பூமியின் மறுபக்கத்தில் மெக்சிகோ அரசும் ஒரு கடற்கரையைத் தேடிக்கொண்டிருந்தது. அகாபுல்கோ 1940களிலிருந்தே அமெரிக்கப் பணக்காரர்களின் ஊராகியிருந்தது. அந்நியச் செலாவணி இன்னும் வேண்டும் என்று மெக்சிகோவின் மைய வங்கியே ஆய்வு நடத்தி, கரீபியன் கரையில் மிகச் சிலரே வாழ்ந்த கான்கூன் மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தது. 1970இல் பணி தொடங்கியது. 1974இல் முதல் ஓட்டல்கள் திறந்தன. இன்று அது இலட்சக்கணக்கானோர் வாழும் நகரம். கோவளத்து ஓட்டல் முடிந்ததும் 1974இல்தான். இரண்டு ஏழை நாடுகள் ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காக, அரசுப் பணத்தில் கடற்கரையை விற்பனைப் பொருளாக்கின.

வேறுபாடு மக்கள்தொகையில் இருந்தது. கான்கூன் ஏறக்குறைய வெற்று நிலம். அங்கே தங்கும் விடுதிகளுக்கு ஒரு பகுதி, வேலையாட்களுக்கு ஒரு பகுதி என்று வரைபடத்திலேயே பிரிக்க முடிந்தது. கோவளத்தில் நூற்றாண்டுகளாக ஒரு மீனவச் சமூகம் இருந்தது, ஆய் மன்னர் காலத் துறைமுகமான விழிஞ்ஞம் பக்கத்திலேயே இருந்தது. கரமடிக்கு நீண்ட வெறும் மணல் வேண்டும். இரு பக்கமும் ஆட்கள் நின்று வலையை இழுக்கும் தொழில் அது. அதே மணலில் சாய்வு நாற்காலிகளும் குடைகளும் வந்தபோது பூசல் பிறந்தது இயல்பே. மீனவர் பிள்ளைகள் சிலர் விடுதி வேலைக்குப் போனார்கள், சிலர் உயிர்காக்கும் காவலர் ஆனார்கள். நீரோட்டத்தைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் கரையோர நிலத்தின் விலை ஏறியபோது அதில் பெரும் பங்கு அவர்களுக்குப் போகவில்லை.

ஓட்டலின் பின்கதையையும் சொல்லிவிடலாம். 2002இல் பொதுத்துறைப் பங்கு விற்பனையில் அது தனியாருக்குப் போனது. மாளிகையையாவது மீட்க வேண்டும் என்று கேரள அரசு 2005இல் சட்டம் இயற்றியது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீண்ட வழக்குக்குப் பின் 2017இல், உரிமை குறித்து மேலும் வழக்காடும் வாய்ப்பை வைத்துக்கொண்டு, மாளிகையை ஓட்டல் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கேரள அமைச்சரவை முடிவெடுத்தது.

எல்லைக்கு இப்பால்

கோவளம் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கைகளுள் ஒன்று. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. புதுக்கடையில் தியாகிகளுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கடற்கரை யார் கணக்கிலும் இல்லாத காலம் அது. நெல்வயலும் மொழியும்தான் பேச்சு. கோவளம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதற்கு இருபது ஆண்டு கழித்து எவ்வளவு பொருளாதார மதிப்பு இருக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

புதிய மாவட்டத்தின் கடற்கரையைத் தமிழக அரசும் பொதுமக்களும் வேறு கண்ணால் பார்த்தார்கள். குமரி முனை நினைவுச் சின்னங்களின் இடமானது. 1948இல் காந்தியின் அஸ்தி கரைக்கப்பட்ட இடத்தருகே 1956இல் மண்டபம் எழுந்தது. 1892இல் விவேகானந்தர் தங்கியதாகக் கூறப்படும் பாறையில் 1970இல் நினைவிடம் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் 133 அடி வள்ளுவர் சிலை. 2024 டிசம்பர் இறுதியில் இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். வருபவர் சூரிய உதயம் பார்ப்பார், படகில் போவார், பாசிமணியும் சங்கும் வாங்குவார், மறுநாள் கிளம்பிவிடுவார். கோவளத்தில் ஒருவர் ஒரு வாரம் தங்குவது சாதாரணம். குமரியில் இரண்டாம் இரவே அரிது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

முட்டம் வேறு வழியில் பெயர் பெற்றது. 1981இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ அங்கே படமாக்கப்பட்டது. ஐந்தாண்டுக்குப் பின் ‘கடலோரக் கவிதைகள்’. திரையில் பாறையையும் அலையையும் கண்ட மதுரை, கோவை இளைஞர்கள் கூட்டமாக வேன் பிடித்து வந்தார்கள். நண்பர்களோடு கடலுக்குப் போவது என்ற ஆசையைத் தமிழரிடம் விதைத்ததில் எந்தச் சுற்றுலாத் துறைக் கையேட்டையும்விட இந்தப் படங்களுக்குப் பங்கு அதிகம் என்றே சொல்ல வேண்டும். தங்குவதற்குத்தான் அங்கே இடம் குறைவு.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். குமரி முனைக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு, அது மீனவ ஊர். சென்னைக்குத் தெற்கே மூன்றாவது கோவளம். அங்கே பழைய கோட்டை இருந்த இடத்தில் 1974இல் ஒரு கடலோரச் சொகுசு ஓட்டல் திறக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயிற்சியால் அவ்வூரை அறியச் செய்தார்கள். அக்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. மீன்பிடிப்போர் பிள்ளைகளே விடுமுறைத் தொழிலின் ஆசிரியர்களாக இருக்கும் அபூர்வமான இடம் அது.

மணலின் மற்ற பயன்கள்

விளவங்கோட்டுக் கரை ஏன் கோவளமாகவில்லை என்ற கேள்விக்குப் பதில் அங்கே நடந்தால் தெரியும். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை, பிறகு தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிழக்கே, வீட்டுக்கு வீடு ஒட்டிய மீனவ ஊர்கள். ஊருக்கும் அலைக்கும் நடுவே பல இடங்களில் இருப்பது மணல் இல்லை, கருங்கல் சுவர். ஆனி, ஆடியில் கடல் கரையைத் தின்னும். ஓரிடத்தில் கல் போட்டால் அடுத்த ஊரில் அரிப்பு கூடும், அங்கும் கல் கேட்பார்கள். இப்படியே சுவர் நீண்டது. 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், கரைக்குப் பின்னால் படகுவழியாக இருந்தது. இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

மணலுக்குள்ளும் விலையுள்ள பொருள் இருந்தது. ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்து, 1909இல் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அன்று முதல் இக்கரை சுரங்கமும் ஆனது. அங்கே இன்றும் பொதுத்துறை ஆலை இயங்குகிறது. கிள்ளியூர்ப் பகுதியில் மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு முதலிய ஊர்களில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டம், மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன் 2016இல் இனயத்தில் சரக்குப்பெட்டகத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் அளித்திருந்தது. அதுவும் எதிர்ப்பால் அங்கிருந்து நகர்ந்தது.

கோவளத்து மீனவரும் இதே கேள்வியை வேறு வடிவில் சந்தித்தார்கள். விழிஞ்ஞம் துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கியது. அலைதடுப்புச் சுவருக்கான கருங்கல்லில் ஒரு பகுதி குமரி, நெல்லை மாவட்டக் குவாரிகளிலிருந்து லாரிகளில் போனது. வடக்கே சங்குமுகம் போன்ற கரைகள் கரைவதற்குத் துறைமுகமே காரணம் என்று 2022இல் மீனவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். அரசு அதை மறுத்தது. துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மணல் இல்லாத கரைக்குச் சுற்றுலாவும் வராது என்பதைக் கான்கூனும் அறியும். 2005இல் வில்மா புயல் அங்கே கரையை வாரிக்கொண்டு போனபின், கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி மறுபடி கொட்டினார்கள். ஒருமுறை கொட்டியது நிற்கவுமில்லை.

சட்டம் இந்த விவகாரத்துக்குள் மெதுவாக வந்தது. 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடம் வேண்டாம் என்றார். பத்தாண்டு கழித்து 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2019இல் அது தளர்த்தப்பட்டது: மக்கள் நெருக்கமான ஊரகக் கரைகளில் 200 மீட்டராக இருந்த தடை 50 மீட்டராகக் குறைந்தது. 50 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டிக்கொள்ள மீனவருக்கும் இது உதவும், விடுதி கட்ட முதலாளிக்கும் உதவும். இருவரில் யாரிடம் பணம் இருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கும்.

கரையை யார், எப்படி ஆள்வது என்பதில் இரத்தமும் சிந்தியிருக்கிறது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கொடைக்கு வந்தோர் நீராடும் இடத்தை ஒட்டி எழுந்த மோதலும், அதில் நடந்த துப்பாக்கிச் சூடும் மாவட்டத்தை மாதக்கணக்கில் எரித்தன. அதன் வேர்கள் மதத்திலும் அரசியலிலும் இருந்தன. ஆனால் தீப்பற்றிய இடம், ஒரு சாராருக்குத் தீர்த்தமாகவும் மறு சாராருக்குத் தொழில் முற்றமாகவும் இருந்த ஒரே மணல். 1985இல் சென்னை மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களை அகற்ற முயன்றபோதும் மீனவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

2004 டிசம்பர் 26 காலை குமரிக் கரையில் விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்தது. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கானோர் சிக்கினர். ஆனால் சுனாமியில் மாவட்டத்தில் இறந்த சுமார் 800 பேரில் மிகப் பெரும்பாலோர் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களின் மீனவக் குடும்பத்தார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் தூத்தூர் முதல் நீரோடி வரையிலான ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் திரும்பவில்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் இப்போது மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. குழித்துறை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. நுழைவாயிலைச் சீரமைக்க வேண்டும் என்பது அங்குள்ளோரின் நெடுநாள் கோரிக்கை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து குடும்பங்களும் இளைஞர் கூட்டங்களும் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து இறங்குகின்றன. கடலைப் பொட்டலமும் ஐஸ்கிரீமும் விற்கிறார்கள். அன்று வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடக்கும். அவற்றின் நிழலில், கடலுக்குப் போகாத மீனவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.